நான்காவது கோஷம்

பத்து மணி என்று சொன்னார்கள். பத்தே முக்கால் ஆகிவிட்டது, நகரச் செயலாளரின் கார் இன்னும் வரவில்லை, தட்டு என் கையிலேயே இருக்கிறது. கீழே வைக்க இடமில்லை. நகராட்சி அலுவலகத்து வாசலில் இருப்பது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியெல்லாம் காக்கை எச்சம். ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் போலீஸ்காரர் தொப்பியை வைத்து இடம் பிடித்திருக்கிறார். தொப்பிக்குப் பக்கத்தில் தட்டை வைத்தால் ஏதாவது சொல்வாரோ. சொல்ல மாட்டார். சொன்னாலும் சொல்வார். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு, அதில் கண்ணாடி வளையல், பச்சை ஒரு டஜன், சிவப்பு ஒரு டஜன், மேலே பழைய பேப்பரைப் போட்டு மூடியிருக்கிறேன். காற்றடித்தால் பறந்துவிடும் என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போய்விட்டது. இன்னொரு கையில் கோஷம் எழுதிய தாள். ஐந்து கோஷம். முதல் மூன்றும் தண்ணீரைப் பற்றி, ஐந்தாவது கட்சியைப் பற்றி. நான்காவதுதான். நான்காவதை மைக்கில் சொல்லிக்கொண்டே இந்தத் தட்டை இன்ஜினீயரிடம் நான் நீட்ட வேண்டும். "ஆண்மை இருந்தால் தண்ணீர் விடு, இல்லையென்றால் வளையல் போடு." எழுதியவன் சுடலைமுத்து, எங்கள் வார்டுச் செயலாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். "அக்கா, இத மட்டும் நச்சுனு சொல்லிட்டீங்கன்னா போட்டோ பேப்பர்ல வந்துரும். நாளைக்கு மாவட்டத்துக்குப் போற வேட்பாளர் லிஸ்ட்ல உங்க பேர மொதல்ல எழுதிருவேன்" என்றான். எங்கள் வார்டு இந்த முறை பெண்கள் வார்டு. என் பேர் போகவில்லையென்றால் அவன் மனைவி பவித்ராவின் பேர் போகும். நல்ல பிள்ளைதான், ஆனால் கூட்டம் என்றால் வாசலுக்கே வராது. ஜெயித்தால் கவுன்சிலர் நாற்காலியில் இவன் உட்காருவான், அது கையெழுத்துப் போடும்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. மக்கள் விருப்பம், கட்சி விருப்பம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாளிலிருந்து நான் உட்கார்ந்ததெல்லாம் கிரைண்டர் பக்கத்தில் போட்ட மணையில்தான். இட்லி மாவு விற்கிற வீடு எங்களுடையது. அரிசி கழுவத் தண்ணீர், உளுந்து கழுவத் தண்ணீர், கிரைண்டர் கழுவத் தண்ணீர், குழாயிலோ பதினான்கு நாளைக்கு ஒருமுறை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்ஜினீயர் முகத்தைப் பார்த்து, எங்கள் தெருவுக்கு ஏன் பதினான்கு நாள், பக்கத்துத் தெருவுக்கு ஏன் ஏழு நாள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்காக இந்தத் தட்டைப் பிடிப்பதில் என்ன வந்துவிட்டது. ஊர் முழுக்க, நாடு முழுக்கப் பிடிக்கிறார்கள். அதிகாரி வேலை செய்யவில்லையா, வளையல் அனுப்பு. மந்திரி வாய் திறக்கவில்லையா, சேலை அனுப்பு, பூ அனுப்பு. நானே டிவியில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்தக் கோஷத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஐந்தில் இதுதான் நல்ல கோஷம், அதுதான் என் கஷ்டமே. தண்ணீர் விடு, வளையல் போடு. விடு, போடு. தொண்டையில் தானாக ஏறி உட்காருகிறது. காலையில் மாவு அள்ளும்போது கரண்டி அந்தத் தாளத்திலேயே போய்வந்தது. மற்றதெல்லாம் "சீரான குடிநீர் விநியோகத்தை உறுதி செய்" என்று பல்லில் மாட்டுகிற மாதிரி இருக்கிறது. விநியோகம் என்ற இடத்தில் எனக்கு நாக்கு புரளும். புரண்டுவிடுமோ. மைக்கில் புரண்டால் ஊருக்கே கேட்கும்.

இந்த வளையல்களுக்கு அளவு பார்த்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வளையல் வாங்கி வாருங்கள் என்றால் ஏதோ ஒரு வளையலை வாங்கிவந்துவிடுவார்கள். எனக்கு அளவு தெரியாமல் வளையல் வாங்கிப் பழக்கமில்லை. முந்தாநாள் மைதீன் பாத்துவின் கடைக்குப் போனேன், என் இரண்டு மகள்களின் வளைகாப்புக்கும் அவள்தான் வளையல் கொடுத்தாள். "யாருக்கு மதினி, சின்னவளுக்கு மறுபடியும் விசேஷமா?" என்றாள். "இல்ல மதினி, ஒரு இன்ஜினீயருக்கு." "அடி ஆத்தாடி, இன்ஜினீயர் பிள்ளையா மருமகளா வருது?" "ஆம்பளை மதினி. நகராட்சி இன்ஜினீயர். தண்ணி விடலைன்னு குடுக்கப் போறோம்." கல்லாவைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். "சைஸு?" என்றாள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. மனு கொடுக்கப் போனபோது அவர் கையைப் பார்த்திருக்கிறேன், சதைப்பிடிப்பான கை, எங்கள் வீட்டுக்காரர் கை மாதிரி. ரெண்டு எட்டு போதும் என்றேன். பத்தாது என்றாள். பத்தும் என்றேன். கட்டித் தரும்போது சொன்னாள், "முப்பது வருசமா விக்கிறேன் மதினி. கல்யாணத்துக்கு வாங்குதாக, சீமந்தத்துக்கு வாங்குதாக, அம்மனுக்கு வாங்குதாக. ஒருத்தரைக் கேவலப்படுத்தவும் இதத்தான் வாங்குதாகன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நம்ம சரக்குல இவ்வளவு இருக்கா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். பிறகு பேசிக்கொண்டே தன் கை வளையலை முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொண்டாள். அது அவள் எப்போதும் செய்கிறதுதானா, அன்றைக்கு மட்டும் செய்ததா என்று இப்போது யோசிக்கிறேன். எப்போதும் செய்கிறதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கார் வருகிறதா. இல்லை, அது பால் வண்டி. அளவு சரியா என்று பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான், வேறு ஒன்றுக்காகவும் இல்லை, நேற்றுக் காலையில் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மாவுச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், முழங்கை வரை வெள்ளை. "இங்க கையக் குடுங்க" என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. முப்பது வருஷமாக நான் கையைக் கேட்டால் கொடுப்பார், அவ்வளவுதான், அவர் சுபாவம். நான் பச்சை வளையல் ஒன்றை ஏற்றினேன், கட்டைவிரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை பின்னேயும் வரவில்லை. "ஏட்டி பூரணம், எனக்கு வளைகாப்பா?" என்று சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், சோப்பைப் போட்டு நுரைத்து உருவ வேண்டியிருந்தது, உருவும்போது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, "ஆமா, யாருக்கு இது?" என்றார். சொன்னேன். கோஷத்தையும் சொல்லிக் காட்டினேன், நல்ல சத்தமாக, எடுப்பாக இருக்கிறதா என்று கேட்க. அவர் சிரிப்பு உடனே போய்விடவில்லை, முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறவனைப் போல. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் துடைக்கப் போனார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. டீக்கடையில் இவரிடம் இதே வார்த்தையைத்தானே சொன்னார்கள், போன ஆடியில். பொண்டாட்டிய கட்சிக்கு அனுப்பிட்டு நீ வளையல் போட்டுக்கிட்டு மாவு ஆட்டு என்று. வீட்டுக்கு வந்து பெரிய வேடிக்கை மாதிரித்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு இரண்டாவது தோசை வேண்டாமென்று எழுந்துவிட்டார். இரண்டாவது தோசையை அவர் வேண்டாமென்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. நேற்று சாயங்காலம் போய் ரெண்டு பத்து மாற்றி வாங்கிவந்தேன். அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் சேராத வளையலாகவே இருந்திருக்கும்.

"என்னக்கா, முணுமுணுன்னு. கோசத்த மறந்துட்டியா?" பக்கத்தில் நிற்கிற ஜெபக்கனி என் விலாவில் இடிக்கிறாள். தையல்காரி, எங்கள் தெரு, புருஷன் செத்து எட்டு வருஷமாகிறது, பிள்ளை கிடையாது, வாய் மட்டும் எட்டு ஊருக்குக் காணும். மறக்கவில்லை என்றேன். சுடலைமுத்து தூரத்திலிருந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே எங்களைக் காட்டி யாரிடமோ சொல்கிறான், "எங்க அக்கா பேசிச்சின்னா ஆம்பளை பேசுன மாதிரி இருக்கும்." எப்போதும் சொல்கிறதுதான், பெருமையாகத்தான் சொல்கிறான், நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு முள் மாதிரி மாட்டுகிறது. என்னை உயர்த்த வேண்டுமென்றால் ஆம்பளை ஆக்குகிறான். அந்த இன்ஜினீயரை இறக்க வேண்டுமென்றால் பொம்பளை ஆக்குகிறான். அப்படியென்றால் பொம்பளை என்கிற இடம் பள்ளமா. அந்தப் பள்ளத்தில்தானே நான் ஐம்பத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன், மழைக்காலத்தில்கூட ஒன்றும் ஆகவில்லையே. கட்சியைத் தாய் என்கிறார்கள், விட்டுப் போனவன் திரும்பி வந்தால் தாய்மடிக்கு வந்தான் என்று சால்வை போடுகிறார்கள், அப்போது மட்டும் பள்ளம் மேடாகிவிடுகிறது. கூட்டணிப் பேச்சு வந்தால் நாம மாப்பிள்ளை வீடு, அவங்க பொண்ணு வீடு, அவங்கதான் இறங்கி வரணும் என்பான், மறுபடியும் பள்ளம். என் கல்யாணத்தில் அப்பா பந்தி முடிகிற வரை துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது ஞாபகம் வரும். போன மாதம் வார்டு கூட்டத்தில் நான் முதல்முதலாகப் பேச எழுந்தபோது, "அடுத்ததாக நமது அக்கா தனது கன்னிப் பேச்சை நிகழ்த்துவார்" என்று மைக்கில் சொல்லிவிட்டான். முன்வரிசையில் என் பெரிய மகள், இடுப்பில் பிள்ளையோடு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அந்தக் கூட்டத்தில்தான் பேச வந்தவர் "பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே" என்று ஆரம்பித்ததும் ஜெபக்கனி என் காதில், "பெரியோருமில்ல, தாயுமில்ல, இளைஞருமில்ல. நான் எழுந்து போயிரவாக்கா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் எழுந்து போகவில்லை, கடைசி வரை இருந்து நாற்காலியெல்லாம் அடுக்கிவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆம்பளை மாதிரி. அதுவும் அப்படியொன்றும் பொய்யில்லை என்று நான் நினைத்துக்கொண்ட நாள் ஒன்று உண்டு. வால்வு திறக்கிற குருசாமி அண்ணன், நகராட்சி ஆள், விடிகாலையில் எங்கள் வாசலில்தான் டீ குடிப்பார். அவருடைய சாவியைச் சுவரில் சாய்த்து வைப்பார், என் மார்பு உயரம் இருக்கும், மேலே குறுக்குக் கம்பி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுகிற இரும்புச் சாவி. ஒருநாள் அவருக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. ஆள் வேறு இல்லை, அன்று தவறினால் இன்னும் பதினான்கு நாள். "நான் சுத்தட்டுமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. யாராவது பார்த்தால் அவர் வேலை போய்விடுமே, நான் தப்பாகச் சுற்றி ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால், குழாய் வெடித்துவிட்டால். "இடப்பக்கமா சுத்துங்கம்மா, பதினோரு சுத்து, எண்ணிக்கிட்டே" என்றார். முதல் சுற்று அசையவே இல்லை. பிறகு அசைந்தது. நான்காவது சுற்றில் என் வளையல் ஒன்று கம்பியில் பட்டு உடைந்தது, ஐந்தாவதில் இன்னொன்று. பதினொன்றில் காலுக்கடியில் மண்ணுக்குள்ளே ஏதோ புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சத்தம், உள்ளங்காலில் நடுக்கம், அப்புறம் தெருக் குழாய் ஒவ்வொன்றும் இருமிக்கொண்டே விழித்தது. அன்றைக்கு நான் நினைத்தேன், ஆம்பளை செய்கிற வேலையைச் செய்துவிட்டேன் என்று. எவ்வளவு முட்டாள்தனம். உடைந்தது என் வளையல், திறந்தது என் கை, நடுவில் ஆம்பளை எங்கே வந்தான். சுற்றினேன், திறந்தது, அவ்வளவுதானே. அந்தச் சாவி கையில் இருந்தால் போதும். சாவி. விடு, போடு. விடு, கொடு. அட.

கார் வந்துவிட்டது. இப்போதா, இப்போதுதான் ஏதோ ஒன்று வந்தது, அதைச் சரியாகப் பிடிப்பதற்குள் கதவு சாத்துகிற சத்தம், வேட்டி, சால்வை, "வணக்கம் வணக்கம்". சுடலைமுத்து ஓடிவந்து மைக்கை என் வாய்க்கு நேரே வைக்கிறான், "அக்கா, ஆரம்பிங்க, போட்டோகிராபர் அந்தப் பக்கம்." இன்ஜினீயரும் படியிறங்கி வந்து மனு வாங்க நிற்கிறார். தூக்கமில்லாத முகம், சட்டைப்பையில் மாத்திரை அட்டை. முதல் கோஷம் சொன்னேன், அறுபது பெண்கள் திருப்பிச் சொன்னார்கள், என் சத்தம் எனக்கே தெம்பாக இருந்தது. இரண்டாவதில் விநியோகம், நாக்கு புரளவில்லை, தப்பித்தேன். மூன்றாவது. அவர் கையைப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன். பெரிய கை ஒன்றும் இல்லை. ரெண்டு பத்து தொளதொளவென்று இருக்கும். ஒரு கணம், சத்தியமாக, அது எங்கள் வீட்டுக்காரர் கையாகத் தெரிந்தது, முழங்கை வரை மாவோடு, எதற்கு என்று கேட்காமல் நீட்டிய கை. சுடலைமுத்து தட்டின் மேலிருந்த பேப்பரை உருவினான், வெயிலில் பச்சையும் சிவப்பும் பளிச்சென்றது, கேமரா தூக்கப்பட்டது. "நாலு, நாலு" என்று காதில் கிசுகிசுக்கிறான். வாயைத் திறந்தேன். பவித்ரா பேர்தான் போகப்போகிறது என்று ஒரு பக்கம் நினைப்பு ஓடுகிறது, போகட்டும் என்று இன்னொரு பக்கம், போகக்கூடாது என்று அதற்குள்ளேயே. "தெம்பு இருந்தால் தண்ணீர் விடு!" என்றேன். கூட்டம் ஒரு நொடி தடுமாறி, பிறகு திருப்பியது. சுடலைமுத்து என்னைப் பார்க்கிறான். "இல்லையென்றால் சாவியைக் கொடு!" பாதிப் பேர் பழக்கத்தில் "வளையல் போடு" என்றார்கள், பாதிப் பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஜெபக்கனிதான், அந்த எட்டு ஊர் வாய், கையைத் தூக்கி, "சாவியைக் கொடு!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அடுத்த முறை அறுபதும் சேர்ந்து வந்தது. விடு, கொடு. முன்னதைவிட நன்றாக உட்கார்ந்தது. ஏழெட்டு முறை விடவே இல்லை, போலீஸ்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

இன்ஜினீயர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தச் சாவிம்மா?" என்று கேட்டார், கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரியாமல். "வால்வு சாவி சார். உங்களுக்கு ஆள் இல்லைன்னா எங்ககிட்ட குடுங்க, இடப்பக்கமா பதினோரு சுத்து, நாங்களே தொறந்துக்கிடுதோம்." சொன்ன பிறகுதான் குருசாமி அண்ணன் வேலை ஞாபகம் வந்தது. "பதினொன்னுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எண்ணிப் பார்த்தோம் சார், தூரத்துல நின்னு" என்றாள் ஜெபக்கனி. அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். சாவியெல்லாம் தர முடியாது, நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் தெரு வால்வைத் திறக்கச் சொல்கிறேன், ஏழு நாளைக்கு ஒருமுறை என்று எழுதியும் தருகிறேன், நீங்களே வந்து நின்று பாருங்கள் என்றார். பிறகு தட்டைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கி, "இது?" என்றார். "இது உங்களுக்கில்ல சார். உங்க கைக்கு நிக்காது, அளவு தப்பு" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இனி இந்த இரண்டு டஜனை என்ன செய்ய, தூக்கிப்போட்டால் கண்ணாடி, யார் காலிலாவது குத்தும். ஒரு சிவப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டு, "முன்னால நிக்கிறவுக ஆளுக்கொண்ணு எடுங்க" என்றேன். தட்டு கை மாறிக் கை மாறிப் போனது. ஜெபக்கனியிடம் வந்தபோது தட்டைப் பிடித்திருந்தவள் நீட்டத் தயங்கினாள், இவளே வாங்கி நிதானமாகப் புரட்டிப் பார்த்து இரண்டு பச்சை எடுத்தாள், "எனக்கு மட்டும் ரெண்டு, சத்தம் போட்டதுக்குக் கூலி" என்று சொல்லி முட்டி தாண்டி ஏற்றிவிட்டாள். சுடலைமுத்து முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். காலித் தட்டு நகரச் செயலாளரிடம் போய் நின்றிருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "யாருய்யா அந்தம்மா? நம்ம கூட்டத்துக்கு வந்து இன்னைக்குத்தான் தண்ணி விடுறேன்னு ஒருத்தன் சொல்லிருக்கான்" என்றார். "நம்ம வார்டுதாண்ணே, பேசிச்சின்னா ஆம்..." என்று ஆரம்பித்த சுடலைமுத்து பாதியில் நிறுத்திக்கொண்டான். அவர் காத்திருக்கவில்லை. தட்டு விளிம்பில் வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார், "மா. பூரணம்." பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் அன்றைக்கு வீட்டுக்காரர் பேரைத்தான் கேட்டார், நான் ஏனோ என் பேரைச் சொல்லிவிட்டேன். நகரச் செயலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கோஷத் தாளை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கத்தில் அந்தப் பேரை எழுதி மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்கிறது. மடியில் தட்டு, தட்டில் நான் எடுத்துவைத்த அந்த ஒரே ஒரு சிவப்பு வளையல், அவருக்குக் கொண்டுபோகிறேன், போட அல்ல, காட்ட. ரெண்டு பத்து, அவர் கைக்குச் சரியாகவே இருக்கும், போட்டுப் பார்ப்பதென்றால் பார்க்கட்டும், சோப்பு தேவைப்படாது. சுடலைமுத்து பஸ் ஏறும்போது வந்து, "லிஸ்ட்டுக்கு உங்க பேர் போயிருச்சுக்கா, நான் எழுதல, அவரே எழுதிக்கிட்டாரு" என்றான், கொஞ்சம் வருத்தமாக, அப்புறம், "கோசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். நாளைக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர். அப்படியென்றால் இன்றைக்கே அரிசி ஊறப்போட வேண்டும், ஆறு படியா எட்டுப் படியா, குடமெல்லாம் கழுவவில்லை, அந்தப் பெரிய டிரம்மில் பல்லி இருக்கிறதோ என்னவோ. ஒருவேளை குருசாமி அண்ணனுக்குத் தோள் வலி வந்துவிட்டால், வேறு ஆள் இல்லாமல் போய்விட்டால், இன்ஜினீயர் முன்னாலேயே நான்தான் சுற்ற வேண்டி வந்துவிட்டால். இடப்பக்கம்தானே அண்ணன் சொன்னார். என் இடப்பக்கமா, அவர் இடப்பக்கமா, எதிரே நின்றல்லவா சொன்னார். இரண்டு கையையும் நீட்டி, காற்றில் ஒரு கம்பியைப் பிடித்து, மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறேன். ஒன்று. இரண்டு. கை நிறைய என் பழைய வளையல்கள் சலசலக்கின்றன. கண்டக்டர் திரும்பி, "யக்கா, பஸ்ஸ நீங்களா ஓட்டுதீங்க?" என்கிறான். "பொறு தம்பி, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்கிறேன். மூன்று.